ஈகையும் பயிற்சியும் கூலிக்கு ஈடாகா

உழைக்கும் ஏழையைப் பற்றிய பேச்சு இந்நாட்டில் எங்கே எழுந்தாலும், அது இரண்டு வாயில்களுள் ஒன்றின் வழியாக வெளியேறிவிடுகிறது. அவருக்கு ஏதேனும் கொடுங்கள் என்பது ஒரு வாயில்: அரிசி, போர்வை, பிள்ளைக்குப் புத்தகப்பை, பண்டிகைக்கு ஒரு புடவை. அவருக்கு ஏதேனும் கற்றுக்கொடுங்கள் என்பது மற்றொன்று: தையல், கணினி, அழகுக்கலை, கைப்பேசி பழுதுபார்த்தல். முன்னதைப் பழைய மனிதர்கள் தருமம் என்றார்கள். பின்னதை இக்காலத்தார் திறன் மேம்பாடு என்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி ஓசையின்றிக் காணாமற்போகிறது. அவர் இன்று செய்து முடித்த வேலைக்கு யார், எவ்வளவு கொடுத்தார்?

இங்கே பேசப்படுவது முதியோரையோ நோயாளரையோ வேலை கிடைக்காதவரையோ பற்றியன்று. அவர்களுக்குச் சமூகம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அதில் வழக்கேதும் இல்லை. இங்குப் பேச்சு, விடியுமுன் எழுந்து இருட்டிய பின் வீடு திரும்பி, மாதத்தின் கடைசி வாரத்தில் கடன் கேட்டு நிற்பவரைப் பற்றியது. அவருக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையை அவர் நன்றாகவே செய்கிறார். அவ்வேலைக்குக் கிடைக்கும் விலை ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பதே அவர் ஏழையாக இருப்பதற்குக் காரணம். இந்த விலையைத் தொடாத எந்த உதவியும் அவரை ஏழ்மையிலிருந்து வெளியே கொண்டுவருவதில்லை. குறைந்த விலை கொடுப்பவர் தொடர்ந்து அதையே கொடுத்துவர அது துணைசெய்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகள் தொழிலாளரைத் திறனற்றோர், பகுதித் திறனுடையோர், திறனுடையோர், உயர்திறனுடையோர் என அடுக்குகின்றன. கட்டட வேலையில் சாந்துச் சட்டி சுமக்கும் சித்தாள் இவ்வடுக்கில் கீழ்ப்படியில் நிற்கிறார். மணலும் சிமெண்டும் நீரும் எந்த அளவில் கலந்தால் கலவை பிடிக்கும் என்பதும், ஆடும் சாரத்தில் தலைச்சுமையோடு எப்படிக் கால்வைப்பது என்பதும், கொத்தனார் கேட்பதற்கு முன்பே எதை எங்கே வைக்கவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். பட்டம் பெற்ற ஒருவரை அவ்விடத்தில் ஒரு நாள் நிறுத்தினால் நண்பகலுக்குள் இது விளங்கிவிடும். ஆனால் அறிவிக்கையின் மொழியில் அவர் 'திறனற்றவர்'. இச்சொல் அவருடைய அறிவை அளந்து வைத்த பெயரன்று. அவருக்குக் கொடுக்கவிருக்கும் தொகையை முன்கூட்டி நியாயப்படுத்த வைத்த பெயர். விலையை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கான காரணத்தை வாங்குபவரின் கையில் தேடாமல் விற்பவரின் உடம்பில் தேடுகிறது இவ்வகைப்பாடு.

இப்பெயர் நிலைபெற்றதும் மருந்தும் தானாகவே கிடைத்துவிடுகிறது. திறனின்மை நோயென்றால் திறன் பயிற்சியே மருந்து. திட்ட அறிக்கைகளின் வாக்கிய அமைப்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. 'இப்பெண்கள் குறைந்த வருவாய் ஈட்டுகின்றனர்' என்று எழுதப்படுகிறது. 'இன்னின்னார் இப்பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கின்றனர்' என்று எழுதப்படுவதில்லை. முதல் வாக்கியத்தில் எழுவாய் ஏழை, குறையும் அவருடையது. இரண்டாம் வாக்கியத்தில் எழுவாய் கொடுப்பவர். அந்த எழுவாயை வாக்கியத்திலிருந்து நீக்கிவிட்டால் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியும் நீங்கிவிடுகிறது.

திறன் வந்தால் வறுமை போகும் என்னும் கூற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, தறிக்கூடம் போதும். பனாரசின் சரிகை நெசவை அறியாதவர் எவருமிலர். பட்டிழையையும் சரிகையையும் ஒத்திசைத்து ஒரு பூவேலையைத் தறியில் எழுப்பும் கைத்திறனைக் குடும்பத்துக்குள்ளேயே சிறுவயது முதல் பல்லாண்டுகள் பயின்று பெறுகிறார்கள். எந்த மூன்று மாதச் சான்றிதழும் அதற்கு அருகில் வராது. ஆனால் 2019-20ஆம் ஆண்டின் நான்காம் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்வது என்ன? ஏறத்தாழ 35 லட்சம் பேர் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் பத்தில் எழுவருக்கு மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருவாயில் வாழ்கின்றன. திறனுக்குக் குறைவில்லாத இடத்தில் வறுமைக்கும் குறைவில்லை. நூலையும் வடிவத்தையும் சந்தையையும் கையில் வைத்திருப்பவர் தரகர். எவ்வளவு நுட்பமாக நெய்தாலும் அந்த நுட்பத்தின் விலை நெய்தவரின் வீட்டுக்கு வருவதில்லை. இந்நிலையில் அந்த நெசவாளிக்கு இன்னொரு பயிற்சி முகாம் நடத்துவதை எந்தப் பெயரால் அழைப்பது?

பயிற்சி பெற்றும் ஏழையாக வைக்கப்பட்டவர்களுக்கு இன்னும் தெளிவான சான்று அரசின் வாசலிலேயே நிற்கிறது. 2005இல் தொடங்கிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் வழியே ஊர்தோறும் ஆஷா பணியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சியும் தொடர்பயிற்சிகளும் அரசே அளித்தது. கருவுற்ற பெண்ணைக் கணக்கெடுத்தல், தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவருதல், பிறந்த சிசுவை வீட்டிலேயே கவனித்தல், காசநோயாளிக்கு மருந்து தொடர்ந்து கிடைக்கச் செய்தல் என வேலைப்பட்டியல் ஆண்டுக்காண்டு நீண்டது. 2022இல் உலக நலவாழ்வு அமைப்பே அவர்களுக்கு விருதளித்துப் பாராட்டியது. ஆயினும் ஏட்டில் அவர்கள் இன்றும் தொழிலாளர் அல்லர், 'தன்னார்வலர்'. அவர்கள் பெறுவது ஊதியம் அல்ல, 'மதிப்பூதியம்', 'ஊக்கத்தொகை'. 2025 பிப்ரவரியில் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் அமர்ந்தபோது, தங்களுக்கு மேலும் திறன் வேண்டுமென்று கேட்கவில்லை. 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்குங்கள் என்றே கேட்டார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களின் கதையும் இதுவே. 2018இல் ஒன்றிய அரசு உயர்த்தியதாக அறிவித்த தொகை மாதம் 4,500 ரூபாய். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உரைக்கவே 2022இல் உச்ச நீதிமன்றம் வரை செல்லவேண்டியிருந்தது. கூலி, சம்பளம், ஊதியம், மதிப்பூதியம், ஊக்கத்தொகை, உதவித்தொகை எனத் தமிழில் சொற்கள் பல இருப்பது வளம்தான். ஆனால் சட்டம் பாதுகாப்பது ஊதியத்தை மட்டுமே என்பதால், ஒருவர் பெறும் தொகைக்கு எந்தச் சொல்லைச் சூட்டுவது என்பது அவருடைய உரிமையைத் தீர்மானிக்கிறது.

இனி, பயிற்சித் திட்டங்களையே அவற்றின் சொந்த அளவுகோலால் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை, 2022க்குள் 50 கோடிப் பேருக்குத் திறனளிப்பது என்ற இலக்கை வைத்தது. 50 கோடி என்பது ஏறத்தாழ இந்நாட்டின் உழைப்புப் படை முழுவதற்கும் ஈடான எண். அப்படி ஓர் எண்ணை எழுதியவர்கள், நாட்டில் உழைக்கும் எவருக்கும் எதுவும் தெரியாது என்று கருதியிருக்கவேண்டும். 2015 ஜூலை 15 அன்று திறன் இந்தியா இயக்கமும் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டமும் தொடங்கின. துறைவாரித் திறன் மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட சாரதா பிரசாத் குழு, வேலையும் தொழில்துறைத் தேவையும் பின்தள்ளப்பட்டு எண்ணிக்கை துரத்தப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, இத்திட்டத்தின் 2015 முதல் 2022 வரையிலான செயல்பாட்டை ஆய்ந்தது. வங்கிக் கணக்கு விவரம் இருக்கவேண்டிய 95 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில், 94 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் அவ்விடம் வெற்றாகவோ சுழியங்களாகவோ கிடந்தது. ஊதியம் வந்து சேரவேண்டிய கணக்கின் எண்ணே இல்லாத ஒருவர் 'பயனாளி' என்று எண்ணப்பட்டிருக்கிறார்.

இதை நிர்வாகக் குளறுபடி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் குளறுபடி எந்தத் திசையில் நிகழ்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். பயிற்சி நிறுவனம் பணம் பெறுவது பெரிதும் சேர்க்கப்பட்ட, சான்றளிக்கப்பட்ட தலைகளின் கணக்கில். பயிற்சி பெற்றவர் மூன்றாண்டு கழித்து என்ன சம்பாதிக்கிறார் என்பதைப் பொறுத்து எவருடைய வருவாயும் உயர்வதோ குறைவதோ இல்லை. ஏழைக்குத் திறனில்லை என்ற கருத்திலிருந்து, சான்றிதழ் வழங்கும் ஒரு தொழில் பிறந்தது. அத்தொழிலில் உறுதியாக வருவாய் பெறுபவர் பயிற்றுவிப்பவரே.

பயிற்சி என்ற சொல் ஊதியத்தைக் குறைக்கும் கருவியாகவே பயன்படும் இடங்களும் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளி அல்லர் என்கிறது. உண்மையாகவே ஒரு தொழிலைக் கற்பிக்கும் ஆலையில் இவ்விதிக்குப் பொருளுண்டு. ஆனால் ஒரே பொறியை முதல் மாதத்தில் கற்றுவிட்டு அடுத்த பல மாதங்கள் அதே பொறியில் முழு உற்பத்தி கொடுப்பவரையும் 'பழகுநர்' என்றே வைத்திருந்தால் அது மலிவான உழைப்பு. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது, ஈகையும் பயிற்சியும் ஒரே உடலில் கூடிய வடிவம். வறிய குடும்பங்களின் பதின்பருவப் பெண்கள் பழகுநர் என்ற பெயரில் மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைத்தார்கள். முடிவில் ஒரு மொத்தத் தொகை திருமணத்துக்கு உதவும் என்று சொல்லப்பட்டது. அத்தொகை வேறெங்கிருந்தும் வந்த உதவி அல்ல. மாதந்தோறும் கொடுத்திருக்கவேண்டிய கூலியின் ஒரு பகுதி. இடையில் நோயுற்று வெளியேறியவர்கள் அதையும் இழந்தார்கள். அவர்களுடைய கடன்தொகையை அவர்களுக்கே சீர்வரிசையாகக் காட்டியது அத்திட்டம்.

பெருநிறுவனங்களின் கொடைக்கு வருவோம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடவேண்டும். சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வறுமை ஒழிப்பும் உண்டு, வேலைவாய்ப்புக்கான தொழில்திறன் பயிற்சியும் உண்டு. தம் சொந்தப் பணியாளருக்குச் செய்யும் செலவு இக்கணக்கில் சேராது என்பது விதி. அதன் நோக்கம் சரியே. சம்பளத்தைக் கொடை என்று எவரும் கணக்கெழுதக் கூடாது. ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று கேள்விக்குட்படாமல் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் கட்டடத்தைத் துடைப்பவரையும் காவல் காப்பவரையும் ஒப்பந்ததாரர் வழியாகக் குறைந்தபட்ச ஊதியத்தில், சில இடங்களில் அதற்கும் கீழே, வைத்துக்கொள்ளலாம். அதே நிறுவனம் பக்கத்துக் குடியிருப்பில் அதே தொழிலாளியின் மகளுக்குத் தையற்பயிற்சி நடத்திப் படமெடுத்து ஆண்டறிக்கையில் அச்சிடலாம். தாய்க்கு மாதம் சில ஆயிரம் கூட்டிக் கொடுத்திருந்தால் மகள் கல்லூரிக்கே போயிருப்பாள். அந்தக் கூடுதல் தொகை செலவுக் கணக்கில் வரும், பயிற்சி முகாம் பெருமைக் கணக்கில் வரும் என்பதால் முகாமே நடக்கிறது.

உழைப்பவரின் பணமே உதவியாக மாறுவேடமிட்டு வருவதற்குக் கட்டுமானத் துறை இன்னோர் எடுத்துக்காட்டு. 1996ஆம் ஆண்டின் சட்டங்கள், கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டை நலவரியாகப் பெற்றுத் தொழிலாளர் நலவாரியங்களில் சேர்க்கச் செய்தன. வாரியங்களில் பல்லாயிரம் கோடி ரூபாய் தேங்கியது. அப்பணத்தில் மடிக்கணினிகளும் சலவை எந்திரங்களும் வாங்கப்பட்டதை அறிந்து உச்ச நீதிமன்றம் 2018இல் கடிந்துகொண்டது. இருக்க ஒரு சுவரில்லாத, வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் பெயரும் குடும்பத்துக்குச் சலவை எந்திரம்! என்ன வேண்டும் என்று தொழிலாளியைக் கேட்காமல் கொடுப்பவர் தாமே தீர்மானிப்பது ஈகையின் இயல்பு. கூலிக்கு இக்குறை கிடையாது. அதை வைத்து மருந்து வாங்குவதா, வாடகை கொடுப்பதா, பிள்ளைக்குக் கட்டணம் கட்டுவதா என்பதை உழைத்தவர் தாமே முடிவு செய்வார்.

2020ஆம் ஆண்டு இவை எல்லாவற்றையும் சில மாதங்களுக்குள் அடுக்கிக் காட்டிவிட்டது. ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில், மார்ச் 29 அன்று, மூடப்பட்ட நிறுவனங்களும் முழு ஊதியம் கொடுக்கவேண்டும் என்று ஒன்றிய உள்துறை ஆணையிட்டது. முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். மே 18 முதல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. சாலைகளில் நடந்துகொண்டிருந்தவர்களுக்கு நல்ல உள்ளங்கள் உணவுப் பொட்டலமும் நீரும் செருப்பும் கொடுத்தன. அது உயிர்காத்த செயல், அதற்குத் தலைவணங்கவேண்டும். ஆனால் அவர்களிற் பலரின் பையில் செய்து முடித்த வேலைக்கான கூலி இல்லை. குஜராத் அரசு ஏப்ரலில் ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணிநேர வேலையை அனுமதித்து, மிகைநேரத்துக்கு இரட்டை ஊதியம் வேண்டியதில்லை என்றும் அறிவித்தது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை அது நடப்பில் இருந்தது. இதற்கிடையே ஊர் திரும்பியவர்களை வரிசையில் நிறுத்தி உத்தரப் பிரதேசம் முதலான மாநிலங்கள் 'திறன் கணக்கெடுப்பு' நடத்தின. சூரத்தின் விசைத்தறியையும் தில்லியின் அடுக்குமாடிகளையும் தம் கையால் இயக்கியும் எழுப்பியும் வந்தவர்களிடம், உமக்கு என்ன தெரியும் என்று கேட்கப்பட்டது. உமக்கு யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்று கேட்டு ஒரு பட்டியல் எடுத்திருந்தால், அதுவே அவ்வாண்டின் மிகப் பயனுள்ள கணக்கெடுப்பாக இருந்திருக்கும்.

உதவி என்ற பெயரால் கூலியைக் குறைக்கலாமா என்ற கேள்வி புதியதன்று. நாற்பதாண்டுகளுக்கு முன்பே அதற்கு விடை எழுதப்பட்டுவிட்டது. ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் வறட்சி நிவாரணப் பணியாகச் சாலை போடப்பட்டது. பெரும்பாலும் பட்டியல் சாதிப் பெண்கள் மண் சுமந்தார்கள். அப்போதைய குறைந்தபட்ச ஊதியம் நாளொன்றுக்கு 7 ரூபாய். அதனினும் குறைவாகவே பலருக்குக் கிடைத்தது. பஞ்ச நிவாரணப் பணிகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்களிக்கும் 1964ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்றை அரசு கையில் வைத்திருந்தது. நிவாரணம்தானே, பட்டினி கிடப்பதற்கு இது மேல் அல்லவா என்பதே அதன் வாதம். திலோனியா நிறுவனத்தைச் சார்ந்த சஞ்சித் ராய் தொடுத்த வழக்கில், 1983 ஜனவரியில் நீதிபதி பகவதி அமர்வு அவ்வாதத்தை மறுத்தது. அரசு அவர்களுடைய இல்லாமையைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது. பெறுவது பயனுள்ள உழைப்பாக இருக்க, அதை உதவியென்று சொல்லிக் குறைந்தபட்சத்துக்குக் கீழே கொடுப்பது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்பதே தீர்ப்பின் சாரம். இதற்கு முந்தைய ஆண்டில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் இதே கோட்பாடு நிறுவப்பட்டிருந்தது. பசியால் ஒப்புக்கொண்ட குறைகூலியும் வற்புறுத்தலே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதன் பின்னும் பொதுப்பேச்சு அதைக் கேட்காததுபோல் நடக்கிறது.

கூலி எவ்வளவு இருக்கவேண்டும் என்பதும் கண்டுபிடிக்கவேண்டிய மறைபொருள் அல்ல. 1957ஆம் ஆண்டின் 15ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடே உணவு, உடை, உறையுள், எரிபொருள் எனக் கணக்கிடும் முறையை வகுத்தது. கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்காக அதன்மேல் 25 விழுக்காடு சேர்க்கவேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூட்டியது. 2019இல் அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு, 2018 ஜூலை விலையில், திறன்நிலையும் தொழிலும் ஊரும் எதுவாயினும் நாளொன்றுக்கு 375 ரூபாய் அடித்தளமாக இருக்கவேண்டும் என்றது. திறன்நிலை எதுவாயினும் என்ற அத்தொடரை ஊன்றிப் பார்க்கவேண்டும்; வயிற்றுக்குத் திறன்நிலை இல்லை என்பதை அரசின் குழுவே ஒப்புக்கொண்டது. 2017இல் 176 ரூபாயாக இருந்த தேசிய அடித்தள ஊதியம், அக்குழுவின் அறிக்கைக்குப் பின் உயர்ந்தது 178 ரூபாய்க்கு. கூடியது 2 ரூபாய்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. பயிற்சியால் ஒருவரும் உயரவில்லையா என்று கேட்கலாம். உயர்ந்திருக்கிறார்கள். மின்பணி, செவிலியம், கனரக வண்டி ஓட்டுதல் போன்றவற்றில் முழுமையான பயிற்சி, ஒருவரை ஒரு வேலையிலிருந்து வேறொரு வேலைக்குக் கொண்டுசெல்கிறது. ஆனால் அவர் விட்டுவந்த வேலை அங்கேயே இருக்கிறது. நாளைக்காலை அதே தெருவை வேறொருவர் அதே கூலிக்குப் பெருக்குவார். அத்தனை பேரும் மின்பணியாளராகிவிட்டாலும் தெருவைப் பெருக்க ஒருவர் வேண்டும். அவ்வேலை ஒரு குடும்பத்தைத் தாங்கக்கூடியதாக இருக்கவேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி. ஏணி கொடுப்பது நல்லது. ஆயினும் எல்லாரும் ஏறிவிட முடியாத இடத்தில், கீழே நிற்பவரின் தரை வெள்ளத்தில் இருக்கக்கூடாது.

கூலி கூடினால் வேலை குறையும் என்பது அடுத்த வாதம். பாடப்புத்தகத்தில் இது உறுதியாகத் தெரிகிறது. நடைமுறையில் அவ்வளவு உறுதியாக இல்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தபோது துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994இல் காட்டினார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. தொலைநாட்டுச் சான்று வேண்டாமென்றால் இங்கேயே ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் எவருக்கும் ஒரு திறனையும் கற்பிக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. கேட்டால் வேலை உண்டு என்றது. அது நன்கு நடந்த இடங்களில் வெளிவேலையின் கூலியும் உயர்ந்ததைப் பல பொருளியல் ஆய்வுகள் காட்டின. பண்ணையாரிடம் 'அந்தக் கூலிக்கு வர இயலாது' என்று சொல்லும் வலிமையைப் பெண்கள் பெற்றார்கள். வேண்டாம் என்று சொல்ல முடிவதைக் காட்டிலும் பெரிய திறன் கூலிச்சந்தையில் இல்லை.

சிறு முதலாளியும் நடுத்தரக் குடும்பமும் எங்கிருந்து கொடுக்கும் என்று கேட்கலாம். இது உண்மையான இடர்ப்பாடு. எனவே கொடுக்க இயலுபவரிடமிருந்தே தொடங்கவேண்டும்: தன்னார்வலர் என்று பெயரிட்டு வேலை வாங்கும் அரசு, ஒப்பந்ததாரரின் பின்னே மறையும் மாநகராட்சி, லாபத்தில் 2 விழுக்காட்டைக் கொடையாக அறிவிக்கும் பெருநிறுவனம். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே, ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறிய ஊதியத்தை முதன்மை வேலையளிப்பவர் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. இது எவருக்கும் புதிய சுமையன்று. நடுத்தரக் குடும்பமும் முற்றிலும் தப்பிவிட முடியாது. வீட்டுப் பணியாளர் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையை ஆதரித்து 2011இல் இந்தியா வாக்களித்தது; இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஆனால் வீட்டுப் பணியாளருக்கென்று ஒரு திறன் மன்றம் மட்டும் விரைவாகத் தோன்றியது. பாத்திரம் துலக்கவும் பிள்ளை வளர்க்கவும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க ஆள் உண்டு. வார விடுமுறையை எழுதிக்கொடுக்க ஆளில்லை.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், ஒன்றைக் கேட்டுப்பெறும் சொற்களை மூன்றாக வகுக்கிறது. தம்மின் உயர்ந்தவரிடம் கேட்பவர் 'ஈ' என்பார்; ஒத்தவரிடம் கேட்பவர் 'தா' என்பார்; தாழ்ந்தவரிடம் கேட்பவர் 'கொடு' என்பார். ஈகை என்பது முதற்சொல்லிலிருந்து பிறந்தது. பெறுபவர் கீழே நிற்பது அச்சொல்லிலேயே அமைந்திருக்கிறது. கூலிக்கு உரிய சொல் 'தா'. உழைப்பைக் கொடுத்தவரும் அதைப் பெற்றவரும் அந்தக் கணக்கில் நிகரானவர்கள். உழைக்கும் ஏழைக்கு உதவி என்ற பெயரால் நடப்பவற்றுட் பல, 'தா' என்று கேட்கவேண்டியவரை 'ஈ' என்று கேட்கப் பழக்குபவை.

ஆகவே உதவ விரும்பும் நல்ல உள்ளங்களுக்கும் நிறுவனங்களுக்கும் சில எளிய நிபந்தனைகளை வைக்கலாம். பயிற்சி நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வளாகத்தின் துப்புரவாளருக்கும் காவலாளிக்கும் என்ன கொடுக்கிறது என்பதை அதே ஆண்டறிக்கையில் அச்சிடட்டும். பயிற்சியின் வெற்றியைச் சான்றிதழ் எண்ணிக்கையால் அளக்காமல், பயின்றவர் அதற்கு முன் பெற்ற ஊதியத்தையும் ஈராண்டு கழித்துப் பெறும் ஊதியத்தையும் ஒப்பிட்டு அளக்கட்டும். பயிலும் நாட்களில் இழக்கும் கூலியை ஈடுசெய்யட்டும். நாட்கூலி பெறுபவருக்கு இலவசப் பயிற்சி என்று ஒன்று இல்லை. கொடை கொடுப்பவர்கள், கூலிப் பாக்கி வழக்காடும் தொழிலாளிக்கு வழக்கறிஞர் கட்டணத்தையும், சங்கம் அமைத்ததால் வேலையிழந்தவரின் வீட்டு வாடகையையும் கொடுக்கட்டும். அத்தகைய கொடைக்குப் பெயர்ப்பலகை வைக்க இயலாது. ஆனால் அது ஒரே முறை கொடுத்தால் பல ஆண்டுகள் பலன் தரும்.

இவற்றையெல்லாம் செய்யும் வரை, பண்டிகைக்குப் புடவை கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை. கொடுக்கட்டும். அப்போது அந்தப் பெண்ணிடம் அவருடைய மாதச் சம்பளம் எவ்வளவு, அதைக் கொடுப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும். புடவை கொடுப்பவரே அந்த இரண்டாம் கேள்விக்கு விடையாக இருந்தால், புடவையை வைத்துவிட்டுச் சம்பளப் பதிவேட்டை எடுக்கட்டும்.